கஞ்சாவும் வளரும் மூளையும்

திருவனந்தபுரம் கோட்டைக்கு அணித்தாய், லக்ஷ்மீவராக மூர்த்தியின் ஆலயத்தையும் அதன் விசாலமான திருக்குளத்தையும் நடுநாயகமாகக் கொண்டு அமைந்த ஸ்ரீவராகத்தில், தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வாழ்ந்துவரும் குடும்பங்களுக்குக் கஞ்சா என்பது கேள்விப்படாத வஸ்துவன்று. வடக்கேயிருந்து கன்னியாகுமரிக்கு யாத்திரை போகும் பைராகிகள் சிலும்பியில் வைத்துப் புகைப்பது இன்னதென்று பெரியவர்கள் அறிந்தே இருந்தார்கள். சித்த வைத்தியர் கோரக்கர் மூலி என்றும், ஆயுர்வேத வைத்தியர் விஜயை என்றும் சொல்லி, அதைச் சுத்தி செய்து சில லேகியங்களில் சேர்ப்பதும் இரகசியமாக இருந்ததில்லை. ஆனால் அந்நாளில் அது பிறத்தியார் விஷயம். இன்றோ, பள்ளியின் மேல்வகுப்பிலும் கல்லூரியின் முதலாண்டிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் தாழ்ந்த குரலில் தம்முள் பேசிக்கொள்ளும் வீட்டு விஷயமாக அது ஆகிவிட்டது. அப்படிப் பேசும்போது இரண்டு அபிப்பிராயங்கள் எதிரெதிராக நிற்கின்றன. ஒரு தடவை தொட்டாலே புத்தி பேதலித்துவிடும் என்பது பெரியவர்கள் கட்சி; அது வெறும் பச்சிலை, சாராயத்தைவிடச் சாது என்பது பிள்ளைகள் கட்சி. முதலாவதைக் கேட்டு வளர்ந்த ஒரு பையன், தன் தோழன் முந்தின நாள் இரவு புகைத்துவிட்டு மறுநாள் வழக்கம்போல் வகுப்புக்கு வந்து உட்காரக் கண்டவுடன், பெரியவர்கள் சொன்னது அத்தனையும் பொய்யென்று தீர்மானித்து, இரண்டாவது கட்சிக்குப் போய்விடுகிறான். மிகைப்படுத்திச் சொல்லும் எச்சரிக்கையால் விளையும் இந்த நஷ்டம் சாமானியமானதன்று. ஆகவே, எவ்வளவு, எந்த வயதில் என்னும் இரண்டு கேள்விகளை விடாமல் பற்றிக்கொண்டு, இந்தத் திரவியம் மூளையிலும் சரீரத்திலும் நடத்தையிலும் செய்வது என்ன என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

கஞ்சாச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. பெண் செடியின் பூங்கதிர்களிலும் அவற்றை ஒட்டிய சிற்றிலைகளிலும் அடர்ந்திருக்கும் நுண்ணிய சுரப்பி மயிர்கள் ஒருவகைப் பிசினைக் கசிகின்றன. போதையின் பெரும்பகுதி அந்தப் பிசினிலேயே அடங்கியிருக்கிறது. இலையை அரைத்துப் பாலில் கலந்தால் பாங், பூங்கதிரை உலர்த்தினால் கஞ்சா, பிசினையே திரட்டி எடுத்தால் சரஸ். நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பின்னிரண்டையும் தடுத்து, இலையை மாத்திரம் மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டிருப்பதும் இந்தத் தாரதம்மியத்தை ஒட்டியே. சார்ங்கதர ஸம்ஹிதை என்னும் பழைய வைத்திய நூல், ஜீரணமாவதற்கு முன்பே தேகமெங்கும் வியாபித்துவிடும் திரவியங்களுக்கு உதாரணமாக இதனையும் அபினியையும் சேர்த்துச் சொல்கிறது.

மேனாட்டு மருத்துவ முறைப்படி இதனைப் பரிசோதித்த முன்னோடி, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த வில்லியம் புரூக் ஓஷானஸி என்னும் ஐரிஷ் வைத்தியர். 1839-ல் அவர் தம் ஆராய்ச்சிகளை வெளியிட்டபோது, மனிதனுக்குக் கொடுக்கும் முன்னர் பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்த விவரங்களையும் சேர்த்தே எழுதினார். நடுத்தரப் பருமனுள்ள ஒரு நாய்க்கு, நேபாளத்துச் சரஸில் பத்து கிரெயின், அதாவது முக்கால் கிராமுக்கும் குறைவான அளவு, சாராயத்தில் கரைத்துக் கொடுக்கப்பட்டது. அரை மணி நேரத்தில் அது மந்தமாகித் தூங்கி விழுந்தது. இடையிடையே திடுக்கிட்டு எழுந்து, பரம திருப்தியோடு இருப்பதுபோல் வாலை ஆட்டியது. கொடுத்த தீனியைப் பேராசையுடன் தின்றது. கூப்பிட்டால் கால் தள்ளாடி நடந்து வந்தது. ஆறு மணி நேரத்திற்குள் பழையபடி சுறுசுறுப்பாகிவிட்டது. இந்தச் சிறிய வர்ணனையை நான் பலமுறை படித்து வியந்திருக்கிறேன். ஏனென்றால், பின்னர் ஒன்றரை நூற்றாண்டு காலம் விஞ்ஞானிகள் காரணம் தேடிக்கொண்டிருந்த நிகழ்ச்சிகளில் பாதிக்கு மேல் அந்த நாயினிடத்திலேயே காணப்பட்டுவிட்டன.

காரணம் வெகுகாலம் புலப்படாமலிருந்ததற்கு, பிசினிலுள்ள மூலப்பொருளைத் தனியே பிரித்தெடுக்க முடியாமையே ஹேது. அபினியிலிருந்து மார்ஃபினைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்துவிட்டார்கள்; கஞ்சாவின் பிசினோ எண்ணெய்ப்பசையுள்ள பல பொருள்களின் கலவையாதலால் கைக்கு அகப்படவில்லை. இஸ்ரேலிய ரசாயன அறிஞர் ரஃபேல் மெக்கூலம், போலீஸார் கைப்பற்றி வைத்திருந்த லெபனான் சரஸில் ஐந்து கிலோவைக் கேட்டு வாங்கி வந்து ஆராய்ந்து, 1964-ல் யஹியேல் காவோனி என்ற தம் சகாவுடன் சேர்ந்து, போதை தரும் பொருள் டெட்ராஹைட்ரோகன்னபினால் என்று நிரூபித்தார். நெடிய பெயராகையால் இனி டி.எச்.சி. என்றே சொல்வோம். 1988-ல் அமெரிக்காவில் ஆலின் ஹௌலெட்டும் வில்லியம் டிவேனும், இப்பொருள் போய்ப் பற்றிக்கொள்வதற்கென்றே மூளையின் நரம்பணுக்களில் ஓர் ஏற்பி இருப்பதைக் கண்டார்கள். எங்கேயோ மலைச்சரிவில் வளரும் ஒரு செடியை எதிர்பார்த்து மூளையில் இடம் ஒதுக்கி வைத்திருக்க நியாயமில்லையல்லவா? அப்படியானால் அந்த இடத்துக்கு உரிய பொருளை மூளையே உற்பத்தி செய்துகொள்ள வேண்டும். அதனையும் 1992-ல் மெக்கூலத்தின் குழுவினர் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்து, ஆனந்தமைடு என்று பெயரிட்டனர். அதற்கு உடன்பிறப்பான இன்னொரு பொருளும் மூன்றாண்டுகளில் அகப்பட்டது.

இவற்றின் தொழில் விசித்திரமானது. நரம்பணுக்களுக்கு இடையே செய்தி ஒரே திசையில், அனுப்பும் அணுவிலிருந்து பெறும் அணுவுக்குச் செல்வதே பொது விதி. ஆனந்தமைடும் அதன் இனமும் இந்த விதிக்கு மாறாகப் பெறும் அணுவிலே தோன்றிப் பின்னோக்கிச் சென்று, அனுப்பும் அணுவின் வாயை ஒரு கணம் அடைத்துவிடுகின்றன. வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருக்க, தன் வயல் நிரம்பியதும் உழவன் மதகுக்காரனை நோக்கிப் 'போதும்' என்று குரல் கொடுப்பதற்கு இதனை ஒப்பிடலாம். குரல் கொடுத்து வேலை முடிந்தவுடன், அந்தப் பொருளை அங்கேயே சிதைத்துவிட நொதிகளும் காத்திருக்கின்றன. டி.எச்.சி. வெளியிலிருந்து புகும்போது, எந்த வயல் நிரம்பிற்று, எது காய்கிறது என்று பாராமல், எல்லா மதகுகளையும் நோக்கி ஒரே சமயத்தில், மணிக்கணக்காகப் 'போதும்' என்று கூவிக்கொண்டேயிருக்கிறது. கஞ்சாவின் குணங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவைபோலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். ஏற்பிகள் எங்கெங்கே அடர்ந்திருக்கின்றனவோ அங்கங்கே நடக்கும் காரியம் தடுமாறுகிறது.

பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன், தோழர்களோடு ஒரு மொட்டைமாடியில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, சிகரெட்டிலிருந்து உதிர்த்த புகையிலையோடு கசக்கிக் கலந்து சுருட்டிய ஒன்றை இழுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கும், அங்கிருந்து மூளைக்கும் டி.எச்.சி. போய்ச்சேரச் சில நிமிஷங்களே போதும். நெஞ்சு படபடக்கிறது, நாடி நிமிஷத்துக்கு இருபது முதல் ஐம்பது துடிப்புவரை ஏறக்கூடும். கண்ணின் இரத்தக் குழல்கள் விரிவதால் விழி சிவக்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகள் தணிவதால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. சட்டென்று எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை கிறுகிறுக்கிறது. அற்ப விஷயத்துக்கெல்லாம் சிரிப்பு வருகிறது; ஐந்து நிமிஷம் அரை மணியாக நீள்கிறது. வாக்கியத்தைத் தொடங்கியவன் அதன் முடிவுக்கு வருமுன்னர் என்ன சொல்ல வந்தோம் என்பதை மறந்துபோகிறான். ஐந்தாம் வகுப்பு வாத்தியாரின் பெயர் அவனுக்கு நினைவிருக்கும்; அரை நிமிஷத்துக்கு முன் கேட்டதுதான் நிற்காது. புதிய அனுபவங்களைப் பதிந்து வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் ஏற்பிகள் மிக அடர்ந்திருப்பதன் விளைவு அது. சிறுமூளையில் அவை நிறைந்திருப்பதால், ஓஷானஸியின் நாயைப்போல் கால்கள் பின்னுகின்றன. பசியை ஆளும் ஹைப்போதலாமஸில் அவை இருப்பதால், நள்ளிரவில் வீட்டுக்கு வந்து பிரிஜ்ஜில் உள்ளதையெல்லாம் காலி செய்கிறான். பயத்தை ஆளும் அமிக்டலாவில் அவற்றின் விளைவு அளவைப் பொறுத்தது: கொஞ்சமானால் பயம் தணிகிறது, மிஞ்சினால் அதே பயம் உருவெடுத்து, தன்னை எல்லோரும் பார்க்கிறார்கள், பேசுகிறார்கள் என்ற சந்தேகமாக மாறுகிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் இவை அடங்கிவிடுகின்றன. அடங்குமுன் அவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மணக்காட்டுச் சந்திப்பைக் கடக்கப் புகுந்தால், எதிரே வரும் பஸ்ஸின் தூரத்தையும் வேகத்தையும் கணிக்கும் சக்தி அவனிடம் குறைந்திருக்கும். தெளிவாக ஓட்டுகிறோம் என்ற நம்பிக்கை மாத்திரம் குறைந்திராது.

சுவாசத்தை நடத்தும் மூளைத்தண்டில் இந்த ஏற்பிகள் சொற்பம். அபினியும் ஹெராயினும் அளவு மீறினால் மூச்சை நிறுத்திக் கொல்வதுபோலக் கஞ்சா கொல்லாததற்கு அதுவே காரணம். பிள்ளைகள் கட்சியில் உள்ள உண்மையும் அதுவே. அந்த உண்மையை மறைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அது முழு உண்மையன்று. இருதய நோய் ஏற்கெனவே உள்ளவருக்கு, புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் கூடுவதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. நெடுநாள் புகைப்பவருக்கு மாறாத இருமலும் சளியும் உண்டு. புகையிலையோடு சேர்த்துச் சுருட்டும் வழக்கத்தால் நிகோடின் அடிமைத்தனமும் கூடவே வந்துவிடுகிறது. லட்டாகவோ பானமாகவோ உட்கொண்டால் வேறொரு ஆபத்து: ஈரலில் டி.எச்.சி. அதைவிட வீரியமுள்ள ஒரு பொருளாக மாறித்தான் மூளைக்குப் போகிறது. அதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஒன்றும் ஏறவில்லையே என்று மறுபடியும் எடுத்துக்கொள்பவன், இரண்டும் ஒருங்கே ஏறும்போது பீதியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்படுகிறான். கொழுப்பில் கரையும் பொருளாகையால் அது சரீரத்தின் கொழுப்பில் தங்கிச் சிறுகச் சிறுக வெளியேறுகிறது. நாள்தோறும் புகைத்தவன் நிறுத்திய பல வாரங்களுக்குப் பின்னும் சிறுநீரில் அதன் எச்சம் அகப்படலாம்.

வைத்தியர்களையே பல காலம் ஏமாற்றிய ஒரு நோயையும் இங்கே சொல்ல வேண்டும். பல வருஷங்கள் தினந்தோறும் புகைத்துவந்த சிலருக்கு, திடீர் திடீரென்று ஓயாத வாந்தியும் வயிற்றுவலியும் காண்கின்றன. குடலில் குழாய் விட்டுப் பார்த்தாலும் குற்றம் தெரிவதில்லை. கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளித்தால் மட்டும் சற்று ஆறுதல். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அருகே இருந்த வைத்தியர்கள் 2004-ல் இதை விவரித்து எழுதினர். வயிற்றுவலிக்காரப் பிள்ளை நாளில் பல தடவை, மணிக்கணக்காகக் குளியலறையில் வெந்நீரோடு இருந்தால், அந்தச் செய்தியை வைத்தியரிடம் கூச்சப்படாமல் சொல்வது மிகுந்த பிரயோஜனமுள்ளது.

நடத்தை பற்றிய கேள்விதான் மிகச் சிக்கலானது. எங்கள் தெருவில் உள்ள ஒரு தாயார், கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அறைக்குள் அடைந்து கிடக்கும் மகனைப் பற்றி என்னிடம் கேட்டார்: "மாமா, இவன் கஞ்சாவினாலே படிப்பை விட்டானா, இல்லே படிப்பு ஏறாத துக்கத்திலே கஞ்சாவுக்குப் போனானா? எது முன்னே, எது பின்னே?" அந்த அம்மாள் விஞ்ஞானம் படித்தவரல்லர், ஆயினும் இத்துறை ஆராய்ச்சியாளர்கள் பல்லாண்டுகளாகத் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான். நியூஸிலாந்தின் டனிடன் நகரில் 1972–73-ல் பிறந்த 1,037 பேரைக் குழந்தைப் பருவம் முதல் தொடர்ந்து கவனித்துவரும் ஓர் ஆராய்ச்சி, 2012-ல் வெளியிட்ட முடிவு இது: பதின்பருவத்தில் தொடங்கி, நெடுங்காலம் கஞ்சாவுக்கு அடிமைப்பட்டிருந்தவர்களின் புத்திக்கூர்மை அளவு முப்பத்தெட்டு வயதுக்குள் ஏறக்குறைய ஆறிலிருந்து எட்டுப் புள்ளிவரை இறங்கியிருந்தது, பெரியவர்களான பின் தொடங்கியவர்களிடம் அத்தகைய இறக்கம் காணப்படவில்லை. இதனைக் கொண்டு பலர் வழக்குத் தீர்ந்ததென்றே நினைத்தார்கள். ஆனால் 2016-ல் அமெரிக்காவில் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள், ஒருவன் புகைத்து மற்றவன் புகைக்காதிருந்த ஜோடிகளை ஒப்பிட்டபோது, இருவரின் இறக்கமும் பெரிதும் வேறுபடவில்லை என்று கண்டனர். அதாவது இறக்கத்தில் ஒரு பகுதிக்குக் குடும்பமும் சூழ்நிலையும் காரணமாயிருக்கலாம். அந்தத் தாயாருக்கு நான் சொன்ன பதிலும் இதுவே: இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கக்கூடும், முன்னது எதுவாயினும், இன்று இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்கவேண்டும்.

ஆயினும் வயதைப் பற்றிய சாட்சியத்தை நான் இலேசாக எண்ணமாட்டேன். மனித மூளை பதினெட்டு வயதில் முடிந்துபோன கட்டடமன்று. யோசித்துத் தீர்மானிக்கவும், ஆசையை அடக்கவும், நாளையை எண்ணி இன்று நடக்கவும் உதவும் முன்மூளைப் புறணி இருபத்தைந்து வயதுவரை பக்குவமடைந்துகொண்டேயிருக்கிறது. தேவையற்ற நரம்பிணைப்புகள் கழிவதும் தேவையானவை உறுதிப்படுவதும் நடக்கும் அந்தக் காலத்தில், எதை வைப்பது, எதைக் கழிப்பது என்ற வேலையில் ஆனந்தமைடின் இனத்துக்கும் பங்கு உண்டு. அவ்வேளையில் நாள்தோறும் வெளியிலிருந்து டி.எச்.சி.யைப் பாய்ச்சுவது, வளர்ந்து முடிந்த மூளையில் பாய்ச்சுவதற்குச் சமமாகாது. இளம் எலிகளுக்கு அதைக் கொடுத்த பரிசோதனைகளில், அவை வளர்ந்த பின்னும் மாறாத வேறுபாடுகள் காணப்பட்டிருக்கின்றன. ஒருமுறையேனும் கஞ்சாவைத் தொட்டவர்களில் பதினொருவருக்கு ஒருவர் அடிமையாவதாகவும், பதின்பருவத்தில் தொடங்கியவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் அவ்வாறு ஆவதாகவும் அமெரிக்கக் கணக்குகள் சொல்வதும் இதனோடு பொருந்துகிறது.

இனிப் பைத்தியம் பற்றிய பழைய வழக்கு. திருவனந்தபுரத்தில் 1870 முதலே மனநோயாளருக்கான விடுதி உண்டு. இன்றைய ஊளம்பாறை மனநல மையத்தின் பூர்விகம் அது. அத்தகைய விடுதிகள் பிரிட்டிஷ் இந்தியாவெங்கும் இருந்த காலத்தில், அவற்றில் உள்ளவர்களில் பலர் கஞ்சாவால் பித்தானவர்களே என்ற பேச்சு லண்டன் பார்லிமெண்டுவரை எட்டி, 1893-ல் இந்தியக் கஞ்சா கமிஷன் நியமிக்கப்பட்டது. மாக்வொர்த் யங் தலைமையில், மூன்று இந்தியர்களையும் உள்ளடக்கிய அந்தக் கமிஷன், 1,193 சாட்சிகளை விசாரித்தது. அதைவிட மெச்சத்தக்கது, 1892-ஆம் வருஷத்தில் விடுதிகளில் சேர்க்கப்பட்டவர்களின் பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. நோயாளியை அனுப்பும்போது கூடவே அனுப்பவேண்டிய படிவத்தில் 'நோயின் காரணம்' என்று ஒரு பத்தி இருந்தது. அதைப் பூர்த்தி செய்தவர் பெரும்பாலும் வைத்தியர் அல்லர், போலீஸ்காரர். வீதியில் திரிந்த அநாதையைப் பிடித்துவந்த போலீஸ்காரருக்கு அவனுடைய பூர்வோத்தரம் தெரியாது. பத்தியைக் காலியாக விடவும் முடியாது. ஆகவே 'கஞ்சா' என்று எழுதினார். விடுதி அதிகாரியும் அப்படியே பெயர்த்து எழுதிக்கொண்டார். அவ்வருஷம் கஞ்சாவின் தலையில் சுமத்தப்பட்ட 222 பேரில், அதற்கு நியாயமான ஆதாரம் உள்ளவர்கள் 98 பேரே என்று கமிஷன் முடிவு செய்தது. மிதமாக உபயோகிப்பவர்களிடம் பெருந்தீங்கு காணோம். அளவு மீறினால், அதிலும் மனம் பலவீனமாக இயல்பிலேயே அமைந்தவர்களிடம், சித்தப்பிரமைக்கு ஏதுவாகலாம் என்பது 1894-ல் வெளிவந்த அறிக்கையின் சாரம்.

பதிவேட்டை நம்பாமல் அதன் பின்னணியைத் துருவிய அந்த நேர்மையை நான் வணங்குகிறேன். ஆனால் அந்த முடிவை இன்றைய பிள்ளைகளுக்கு அப்படியே எடுத்து ஓதுவது தவறு. அந்தச் சாட்சிகள் பேசியது பெரும்பாலும் வளர்ந்த மனிதர்களைப் பற்றி. அக்காலத்துச் சரக்கைப் பற்றி. ஸ்வீடனில் பட்டாளத்துக்குத் தேர்வான 45,570 இளைஞர்களைப் பதினைந்து வருஷம் பின்தொடர்ந்த ஆராய்ச்சி 1987-ல் வெளிவந்தது. பதினெட்டு வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் புகைத்தவர்களிடம் மனச்சிதைவு நோய் மற்றவர்களைக் காட்டிலும் ஆறு மடங்காக இருந்தது. மற்றக் காரணங்களைக் கழித்தபோது இரு மடங்குக்குச் சற்று மேலாகக் குறைந்தது. குறைந்ததே தவிர மறையவில்லை. ஐரோப்பாவிலும் பிரேஸிலிலுமாகப் பதினோரு இடங்களில் நடந்து 2019-ல் வெளிவந்த ஆராய்ச்சியோ, டி.எச்.சி. நூற்றுக்குப் பத்துக்கு மேல் உள்ள சரக்கை நாள்தோறும் உபயோகிப்பவர்களிடம் மனப்பிறழ்வு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று கண்டது. மனச்சிதைவு நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே வரும் நோய். ஆகையால் மடங்கு கூடினாலும் புகைப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை. தாய்வழியிலோ தந்தைவழியிலோ அந்நோய் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தச் சமாதானம் செல்லாது.

சரக்கின் வீரியம் மாறியிருப்பதை விசேஷமாகச் சொல்லவேண்டும். அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் டி.எச்.சி.யின் அளவு 1995-ல் நூற்றுக்கு நாலு. 2014-ல் அது பன்னிரண்டு. தாய்லாந்து 2022-ல் தடையை நீக்கிய பின்னர், பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில், மண்ணில்லாமல் ரசாயன நீரில் வளர்த்த கலப்பினக் கஞ்சா கேரளத்து விமான நிலையங்களில் பிடிபட்டுவருகிறது. இடுக்கி மலையில் பயிரானதைப் பற்றித் தாத்தா சொன்ன கதை இந்தப் பெட்டிக்குள் இருப்பதற்குப் பொருந்தாது.

நாள்தோறும் புகைப்பவரின் மூளை, டி.எச்.சி.யின் ஓயாத 'போதும்' என்ற கூச்சலுக்குப் பணிந்து தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. பழைய அளவு போதாமற் போவது அதனால்தான். ஆறுதலான செய்தி, அந்த நஷ்டம் நிரந்தரமானதன்று என்பது. புகைப்பதை நிறுத்தச் செய்து ஏறக்குறைய நான்கு வாரம் கழித்து மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சி, ஏற்பிகள் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிட்டதை 2012-ல் காட்டியது. இடைப்பட்ட நாட்கள் மட்டும் கடினமானவை. நிறுத்திய ஓரிரு நாளில் எரிச்சல், பசியின்மை, தூக்கமின்மை தொடங்கி முதல் வாரத்தில் உச்சமடைகின்றன. தூக்கம் வந்தாலும் விபரீதக் கனவுகள் சில வாரம் தொடரலாம். பிள்ளை சிடுசிடுக்கிறானே, மறுபடியும் தொட்டுவிட்டான் என்று வீட்டார் சந்தேகிப்பது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான். தொடாமலிருப்பதன் லக்ஷணமே அது என்று அவர்கள் அறிவதில்லை. வைத்தியம் பெரும்பாலும் பேச்சினாலும் பழக்கப் பயிற்சியினாலும் நடப்பது. தாமாக முன்வந்து முழுச் சிகிச்சை பெறும் அடிமைக்கு, சிறிய அளவு சம்பந்தப்பட்ட வழக்குகளில் விலக்களிக்கும் 64-ஏ என்ற பிரிவும் மேற்சொன்ன 1985-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. போலீஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாதிருக்கும் வீட்டார் அறிந்துகொள்ள வேண்டியது அது. மருத்துவக் கல்லூரியிலோ ஊளம்பாறையிலோ உள்ள மனநல வைத்தியர் பிள்ளையிடம் கேட்பவை பெரும்பாலும் இவையாக இருக்கும்: எந்த வயதில் தொடங்கினாய், வாரத்தில் எத்தனை நாள், கடைசியாக எப்போது, குடும்பத்தில் யாருக்கேனும் மனநோய் உண்டா? முதல் மூன்றுக்கும் பிள்ளைதான் பதில் சொல்ல முடியும். நான்காவதை அவனுக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே அநேகம் உண்டாகையால், அதற்குரிய பதிலைப் பெற்றோரே கூடப்போய்ச் சொல்லவேண்டியிருக்கிறது.